முப்பத்தெட்டாம் நம்பர் காத்தாடி

— கரண்டு எடுக்கக் கடல்ல நிக்கப்போற அறுபத்திரண்டு காத்தாடியில அறுபத்தொண்ணு சரி, ஒண்ணு மட்டும் ஆகாதா? ஏன்ப்பா?

— முப்பத்தெட்டாம் நம்பரு... கண்ணக் கூசும்மா.

— கரையிலேர்ந்து பதினஞ்சு கிலோமீட்டர்! அது உங்க கண்ணக் கூசுதா?

— சரி... சத்தம் வரும்.

— உங்க குறட்டைய விடவா?

— ஏய்! படகுச் சங்கத் தலைவர்கிட்ட பேசுற. மரியாதை!

— நீங்களும் இந்தத் திட்டத்துக்கு வரைபடம் போட்ட இன்ஜினியர்கிட்டதான் பேசுறீங்க. பதினோரு மணிக்குக் கூட்டம். நீங்க கையெழுத்துப் போடலேன்னா எல்லாம் ரெண்டு வருஷம் தள்ளிப்போகும். என் மூணு வருஷ உழைப்புப்பா...

— தெரியும்மா. அதான் எனக்குத் தூக்கமே இல்ல.

— அப்ப உண்மையச் சொல்லுங்க. அங்க என்ன இருக்கு?

— கடல் இருக்கு.

— அப்பா!

— உன் பெரியப்பாவுக்கு சத்தியம் பண்ணியிருக்கேன். யார்கிட்டயும் வாய் திறக்க மாட்டேன்னு.

— சரி, நான் திறக்கறேன். படகுலேர்ந்து கரையப் பாத்தா கலங்கரை விளக்கமும் குன்று மேல இருக்கற தண்ணி டேங்க்கும் ஒரே நேர்ல வரணும். அங்கதான் பாறை. வலை போட்டா மீனு அள்ளும்.

— ஏய், மெல்லப் பேசு! ஜன்னல் திறந்திருக்கு.

— டீ ஆறுது. குடிங்க.

— அத... நீ எப்படி...

— எட்டு வயசுல என்னைப் படகுல கூட்டிட்டுப் போனீங்கல்ல? வழி தெரியக்கூடாதுன்னு தார்ப்பாய்க்கு அடியில உக்கார வச்சீங்க. அதுல ஒரு ஓட்டை. சரியா என் கண்ணுக்கு நேரா!

— அடிப்பாவி!

— முப்பத்தெட்ட போன மாசமே அரை கிலோமீட்டர் தள்ளி வச்சாச்சு. புது வரைபடம் என் பைக்குள்ளதான் இருக்கு.

— ஆபீஸ்ல என்ன காரணம் சொன்ன?

— அடியில பாறை, கம்பம் ஊன முடியாதுன்னு. சர்வேயும் அதத்தான் சொல்லுது. மீனப் பத்தி நான் மூச்சு விடல.

— அப்புறம் ஏண்டி காலையிலேர்ந்து என்னப் போட்டு வறுத்தெடுக்கற?

— உங்க வாயால வருதான்னு பாத்தேன். பெத்த பொண்ணுகிட்டகூட மறைச்சிட்டீங்களேன்னு இருபது வருஷமா வருத்தம்ப்பா எனக்கு.

— வருத்தமாம்... அந்தப் பேனாவ எடு. வாய் திறக்க மாட்டேன்னுதானே சத்தியம்? நீ பாத்தியா, தூங்கிட்டியான்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது. தார்ப்பாயில கத்தியால ஓட்டை போட்டதே நான்தானே!