ஆர்டிஸ் அம்மையாரின் வார்ப்புக் கொட்டகை

மேடையில் அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் டெல்மர் அவர்களே, முன்வரிசையில் மனைவி ஆர்டிஸின் படத்தை மடியில் வைத்திருக்கும் ஓடெல் அவர்களே, பனியென்றும் பாராமல் மலையிறங்கி வந்திருக்கும் துப்பாக்கி மன்றத்து உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் வார்ப்புக் கொட்டகையின் தலைவி, குழாய்ப்பணி வல்லுநர், ஆர்டிஸ் நைக்விஸ்ட் அம்மையார் போய்விட்டார். மனம் ஆறவில்லை. ஆனாலும் நாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். பொறுப்பாளர் இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு கொட்டகைக்குப் பூட்டு என்பது நம் மன்றத்து விதி. அதைப் பற்றியும் பேசத்தான் வந்தேன்.

நாமெல்லாம் பாட்டன் காலத்துத் துப்பாக்கியைக் கட்டி அழுகிறவர்கள். நமக்கு ஏற்ற குண்டு எந்தக் கடையில் கிடைக்கிறது? நாமே காரீயத்தை உருக்கி அச்சில் வார்க்கிறோம். வெறும் காரீயம் அச்சின் மூலைக்குள் ஓடாது; கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால்தான் ஓடும். அந்த வெள்ளீயத்துக்கு நாம் படாத பாடா! வழி கண்டவர் யார்? ஆர்டிஸ் அம்மையார்! குடிநீர்க் குழாய் பற்றவைக்கும் கம்பியில் காரீயம் கூடாது என்று சட்டம் வந்தது. அப்படியானால் அந்தக் கம்பி பெரும்பாலும் வெள்ளீயம்தானே என்று யோசித்தவர் அவர். வேலைக்குப் போன வீடுகளில் மிஞ்சிய துண்டுகளையெல்லாம் சட்டைப்பையில் அள்ளி வந்தார்.

டெல்மர் அவர்களே, அன்று நீங்கள் என்ன கேட்டீர்கள்?

"ஏம்மா ஆர்டிஸ், காரீயம் இல்லாததுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். அதக் கொண்டுபோய் காரீயச் சட்டியிலயே போடுறியே, மூளை உருகிப்போச்சா?"

"உருகுற அளவுக்காவது எனக்கு இருக்கு. தள்ளி நில்லு."

நீங்களும் தள்ளித்தான் நின்றீர்கள்! அன்று வார்த்த குண்டுகளின் விளிம்பு எவ்வளவு கூர்மை!

பிறகு வந்தது அந்த வசந்தகால ஞாயிறு. நம் மெர்ல் ஹவ்லண்ட், உதவும் ஆசையில், ஒரு கம்பிச் சுருளை முழுசாகச் சட்டியில் போட்டார். அதிலும் காரீயமில்லாதது என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் அது அலுமினியம் ஒட்டுகிற கம்பி; உள்ளே காரீயத்தைக் கெடுக்கும் துத்தநாகம்! பளபளவென்று உருகியிருந்த காரீயம் ஓட்ஸ் கஞ்சியாகத் திரிந்தது. துப்பாக்கி சுடும் போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கொட்டகையை மூடிவிடலாம் என்று நாம் பலரும் குரல் எழுப்பினோம்.

அம்மையார் கத்தினாரா? இல்லை! கெட்டுப்போனதை தூண்டிலில் கட்டும் எடைகளாக வார்த்து ஆளுக்கொன்று கொடுத்தார். சட்டியைச் சுரண்டிக் கழுவிக் காயவைத்துப் புதுக் காரீயம் போட்டார். ஒரு குழாய்க்கம்பிச் சுருளை மெர்லிடம் நீட்டினார்.

"என்னென்ன கலந்திருக்குன்னு அட்டையில பொடி எழுத்துல இருக்குறதச் சத்தமாப் படி. நாங்க கேட்டப்புறம் போடு."

"நான் வேணாங்க. மறுபடி கெடுத்துருவேன்."

"கெடுத்தா மறுபடி மீன் பிடிப்போம். படிடா!"

படித்தார். போட்டார். குண்டுகள் அச்சிலிருந்து முழுசாக விழுந்தன. அன்றுமுதல் அட்டையை ஒருவர் உரக்கப் படித்து, மற்றவர் கேட்காமல், நம் சட்டியில் எதுவும் விழுவதில்லை. ஆனால் மெர்ல் மட்டும் அதன்பின் விறகு சுமந்தார், தரை கூட்டினார். சட்டியைத் தொடவே இல்லை.

கடைசியாக மருத்துவமனையில் கேட்டேன், கொட்டகையை யாரிடம் விடுவது என்று. மூச்சு வாங்கியபடி சொன்னார்: "மெர்ல்கிட்ட விடு. நீங்கள்லாம் படிச்ச மாதிரி நடிப்பீங்க. அவன் நெஜமாவே படிப்பான்."

மெர்லிடம் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்குப் போனேன், கதவைத் திறக்கவில்லை. அன்பர்களே, மலர்வளையமா அம்மையாருக்கு மரியாதை? அவர் நம்பிய மனிதரை நாமும் நம்புவதல்லவா மரியாதை! கடைசி வரிசையில் கதவோரம் நிற்கும் மெர்ல் ஹவ்லண்ட் அவர்களே, இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். அந்தச் சட்டியை ஏற்றுக்கொள்கிறீர்களா?

...

பேசுங்கள், மெர்ல். இப்படி முன்னால் வந்து சொல்லுங்கள்.

"ஞாயித்துக்கிழமை காலைல வாங்க. கம்பி கொண்டுவர்றவங்க அட்டையோட கொண்டுவாங்க. அப்புறம்... ஈரக் கையோட ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது. ஒரு சொட்டு தண்ணி பட்டாலும் உருகின காரீயம் வெடிச்சுத் தெறிக்கும். டெல்மர், உங்களத்தான் சொல்றேன்."

கேட்டீர்களா? பதவியேற்ற கையோடு தலைவரையே அதட்டுகிறார்! சிரியுங்கள் ஓடெல், நன்றாகச் சிரியுங்கள். அம்மையாரே, நிம்மதியாகத் தூங்குங்கள். ஞாயிறு காலை நாங்கள் எல்லோரும் கை துடைத்துக்கொண்டு வருவோம்.