கடைசி இடத்துக்கு ரெண்டு பேர்

— சம்பந்தி, தலையில ஹெல்மெட் இருக்கு.

— தெரியும் சம்பந்தியம்மா.

— சைக்கிளை விட்டுட்டு நாலு கிலோமீட்டர் ஓடியாச்சு. இன்னும் கழட்டலையே?

— வெயிலுக்குப் போட்டிருக்கேன்.

— வெயிலே இப்பதானே வந்துது.

— வரும்னு தெரியும். முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணினவன், தலையில ஒண்ணு இல்லாம ஒரு அடி எடுத்து வச்சதில்ல. அது ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்க முன்னாடி போங்க.

— ஐயோ, நல்லா இருக்காது. மாப்பிள்ளையோட அப்பா நீங்க. பொண்ணைக் கொடுத்தவ நான் முந்திக்கிட்டுப் போனா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?

— நாலு பேர் எங்க இருக்காங்க? எல்லாரும் எப்பவோ முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான், நீங்க முதல்ல சாப்பிடுங்க, நீங்க முதல்லன்னு நின்னே சாப்பாடு ஆறிப்போச்சு.

— சார், மேடம், பேச்சைக் குறைச்சுட்டு காலை எட்டி வைங்க. பன்னெண்டு நிமிஷம்தான் இருக்கு.

— நீங்க யாரு? அப்ப புடிச்சு வேனை உருட்டிக்கிட்டுப் பின்னாடியே வர்றீங்க?

— கடைசி ஆளுக்குப் பின்னாடி வர்ற வேன் மேடம் இது. ரோட்டுல வச்ச கூம்பையெல்லாம் பொறுக்கிக்கிட்டு வரேன். முடியலைன்னா ஏறிக்கலாம். சீட்டு காலி. ஏசி போட்டிருக்கேன்.

— ஏறினா?

— ஏறினா அவுட்டு சார். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் சேர்த்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள கோட்டைத் தாண்டினாத்தான் மெடலு. ஒரு செகண்டு தாண்டினாலும் கொடுக்க மாட்டாங்க.

— சம்பந்தி, வேன் பக்கம் பார்க்காதீங்க. சொன்னா கேளுங்க. மூக்கால இழுத்து வாயால விடுங்க.

— ஏசின்னு சொன்னதும் காலு தானா திரும்புது.

— எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். வார்டுல படுத்துக் கிடக்கிற வரைக்கும் நல்லா இருப்பாங்க, வீட்டுக்குப் போகலாம்னு சொன்ன அன்னைக்குத்தான் மயங்கி விழுவாங்க. நர்ஸ் சொல்றேன், நேராப் பாருங்க.

— நேராப் பார்த்தாலும் எனக்கு ஒண்ணும் தெரியாது. மூக்குக்கண்ணாடியை ஏரிக்கரையிலயே வச்சுட்டேன்.

— ஏரியில காவலுக்கு நின்ன அந்த போட்காரர்கிட்ட அவ்வளவு நேரம் என்ன பேச்சு? நீங்க முழுகிட்டீங்கன்னே நினைச்சேன்.

— மூச்சு வாங்குச்சு. போட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கலாம்னு விதி இருக்கு, பிடிச்சேன். மோட்டார்ல ஒரு தப்பான சத்தம். எங்கேயோ போல்ட்டு லூஸு. கேட்டுட்டுச் சும்மா வர முடியுமா? நீங்க மட்டும் என்ன, சைக்கிள்ல போனவங்க, விழுந்து கிடந்த பொண்ணுக்குக் கட்டுப் போட உட்கார்ந்துட்டீங்க.

— அது கட்டோட எந்திரிச்சு எனக்கு முன்னாடி போய் முடிச்சுடுச்சு. தேங்க்ஸ் ஆன்ட்டின்னு கை வேற காட்டுது.

— எட்டு நிமிஷம்.

— சம்பந்தியம்மா, கடைசியா யாரு வர்றதுன்னு இப்ப முடிவு பண்ணியாகணும்.

— அந்தப் பேச்சுதானே குடியைக் கெடுத்துச்சு. நம்ம சர்க்கரை குறையட்டும்னு பிள்ளைங்களே பேர் கொடுத்தாங்க. அவங்களே சண்டையும் போட்டுக்கிட்டாங்க. உங்கம்மாதான் கடைசியா வருவாங்கன்னு மாப்பிள்ளைதான் முதல்ல வாயை விட்டார்.

— மருமக மட்டும் சும்மா இருந்துச்சா? உங்கப்பா முதல்ல ஏரியை விட்டு வெளிய வரட்டும்னுச்சு.

— அங்கேருந்து நாங்க வாங்கிக் கொடுத்த பீரோவுக்குப் போய், பீரோவுலேருந்து என் தம்பி கல்யாணத்துக்கு வராததுக்குப் போய், கடைசியில என் பொண்ணு பெட்டியோட வந்து என் வாசல்ல நின்னா. இன்னையோட எழுபத்தொரு நாள்.

— இங்க மட்டும் என்ன வாழுது? போன் பண்ணுடான்னா, அவ பண்ணட்டும்கிறான். ராத்திரி பகல் அந்தப் போனையேதான் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான்.

— இவளும் அப்படித்தான். குளிக்கப் போனாலும் போன் கூடவே போகுது. இப்படியே பழகிட்டாங்கன்னா என்ன பண்றது சம்பந்தி?

— எனக்கும் அதே பயம்தான். அதனாலதான் சொல்றேன். நீங்க கடைசியா வந்தா அவன் வாய் சும்மா இருக்காது. நான் வந்தா உங்க பொண்ணு விட்ட இடத்துலேருந்து ஆரம்பிக்கும்.

— அப்ப ரெண்டு பேரும் ஒண்ணாக் கால் வைப்போம். கடைசின்னு யாருமே இல்ல.

— ரெண்டு பேருமே கடைசி.

— ஆகட்டுமே. அதுல சண்டை போட அவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காதுல்ல?

— சரியான யோசனை. ஆனா மெடல் வேணும் சம்பந்தியம்மா. சொன்னா சிரிக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துலேருந்து இன்னை வரைக்கும் ஒரு சோப்பு டப்பா கூட ஜெயிச்சதில்ல நான். மாட்டுறதுக்குக் கூடத்துல ஆணி அடிச்சு வச்சுட்டு வந்திருக்கேன்.

— எதுக்குச் சிரிக்கணும்? எங்க ஆஸ்பத்திரி விளையாட்டு விழாவுல வருஷா வருஷம் மருந்துப் பெட்டியோட ஓரமா நின்னவ நான். ஒரு தடவை கூட கோட்டுக்குள்ள கால் வச்சதில்ல. வாங்க, வேகமா வாங்க. அது என்ன லேஸ்ல இத்தனை முடிச்சு?

— காலுக்கு அஞ்சு. நான் போட்ட முடிச்சு இது வரைக்கும் அவிழ்ந்ததில்ல.

— நாலு நிமிஷம். இந்த வளைவு திரும்பினா கோடுதான். மேடம், நீங்க வந்துடுவீங்க போல. நான் பந்தயமே கட்டியிருப்பேன், ஏறிடுவீங்கன்னு.

— தெரியுதா சம்பந்தியம்மா?

— தெரியுது. இருநூறு அடி கூட இருக்காது. நாற்காலியெல்லாம் அடுக்குறாங்க. ஒரு அம்மா மட்டும் மெடல் தட்டோட உட்கார்ந்திருக்காங்க.

— தட்டுல இருக்கா?

— ரெண்டு இருக்கு.

— நம்ம பிள்ளைங்க? காலையில மாதிரியே ஆளுக்கொரு ஓரமா? அன்னியோன்யம் அப்படி, நடுவுல லாரியே போகலாம்.

— இருங்க. ஓடாதீங்க.

— ஏன்?

— ஒரே இடத்துல நிக்கிறாங்க. அவ கையில தண்ணி பாட்டில். குடிச்சுட்டு அவர்கிட்ட நீட்டுறா.

— வாங்கினானா?

— வாங்கிக் குடிக்கிறார். ஏதோ சொல்றார். அவ தலையில அடிச்சுக்கிறா.

— ஆரம்பிச்சாச்சா?

— இல்ல சம்பந்தி. சிரிக்கிறா. எழுபத்தொரு நாள் கழிச்சு இப்பதான் பல்லைப் பார்க்கிறேன்.

— நம்மளைப் பார்த்தா சிரிக்குது?

— நம்மளை இன்னும் பார்க்கவே இல்ல.

— சார், ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. நடந்தாலே போதும், மெடல் உங்களுது.

— நாம போய் நின்னா, அவன் அப்பான்னு என் பக்கம் ஓடி வருவான்.

— இவ அம்மான்னு என் பக்கம்.

— பழையபடி நடுவுல லாரி.

— ஆமா.

— சார், எதுக்கு நின்னுட்டீங்க? ஒன்றரை நிமிஷம்.

— சார் எப்படி நடப்பார்? சம்பந்தி, உங்க ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கு.

— அதெல்லாம் அவிழாது. அஞ்சு முடிச்சு.

— அஞ்சையும் ஒண்ணொண்ணா அவிழுங்க. அப்புறம் மறுபடி கட்டிக்கலாம்.

— கூடத்துல ஆணி அடிச்சு வச்சிருக்கேனே.

— அதுல ஹெல்மெட்டை மாட்டிக்கலாம். உட்காருங்க.

— ஒரு காலா சம்பந்தியம்மா, ரெண்டு காலுமா?