எதிர்மலைச் சதுப்பு

பூட்ஸைக் கழற்றி அடுப்போரம் வையுங்கள் தம்பி. வனத்துறைக்காரர் என்றாலும் குளிர் குளிர்தான். வாழைக்காய் வேகிறது, அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

செமெனி, தவளைகளை ஆராய மொரோகோரோ நகரத்திலிருந்து வருகிற பெண். அவளைப் போன்றவர்களுக்கு முப்பது வருடமாகக் கோரைத்தவளை பிடித்துக் கொடுக்கிறவள் நான். அந்தத் தவளை கிதுந்தாவில், எங்கள் மலையில் மட்டும்தான் உண்டு என்று எழுதியிருந்தார்கள். அதனால்தான் அரசாங்கம் காட்டைத் தேயிலைக் கம்பெனிக்குக் கொடுக்கவில்லை. காடு போனால் ஊற்று போகும், பின்னாலேயே ஊரும் போகும்.

போன மழைக்கு அவள் லுகோபாவில், எதிர்மலையில், மூன்றைப் பிடித்து வந்தாள். அதே பச்சை முதுகு, அதே சிவந்த விரல்.

"சித்தி, உங்க தவளை பக்கத்து மலைக்கு வாக்கப்பட்டுப் போயிருக்கு."

"பரிசம் எங்கடி?" என்றேன்.

சிரித்தாள். பிறகு, "ரெண்டு மலையிலயும் இருந்தா அப்படித்தான் எழுதணும் சித்தி. மரபணுச் சோதனைக்கு அனுப்புறேன். அடுத்த மழைக்கு வந்து எத்தனை இருக்குன்னு எண்ணணும்," என்றாள்.

அப்படி எழுதினால் எங்கள் காட்டைக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்கள். எண்ண ஒன்றும் இல்லாவிட்டால், அந்த மூன்றும் வழிதவறி வந்தவை என்று விட்டுவிடுவார்கள். அப்படித்தான் யோசித்தேன்.

உத்துப்பா இலை உங்களுக்குத் தெரியும். மீனை மயக்க இடித்து ஆற்றில் கரைப்போமே, அதுதான். லுகோபாவில் ஒரே சதுப்பு. முதல் மழைக்கு மொத்தக் கூட்டமும் அங்கேதான் இறங்கும். இந்த முறை முதல் மழை விழுந்ததும், அவள் வருவதற்கு முன்னே, பதினொரு கூடை சுமந்தேன். நடுப்பகலில் கரைத்தேன். எங்கள் தவளை இரண்டு தட்டாகக் கத்தும். அவை மூன்று தட்டாகக் கத்தின. அந்தப் பக்கம் மனிதர் பேச்சே கொஞ்சம் இழுவைதானே என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் போய்க் கோரையைத் தண்டு தண்டாகப் பிரித்துப் பார்த்தேன். தப்பியவற்றைக் கையால் எடுத்தேன், துடிக்க விடவில்லை. முட்டைகளையும் விட்டுவைக்கவில்லை.

நேற்று செமெனி சோதனைத் தாளோடு வந்தாள். லுகோபாத் தவளை வேறு இனமாம். உலகத்திலேயே அந்தச் சதுப்பில் மட்டும் இருந்ததாம். எங்கள் தவளைக்கோ காட்டுக்கோ அதனால் ஒரு பாதகமும் வந்திருக்காதாம்.

"அங்க ஒண்ணுகூட இல்ல சித்தி. ஒரு சத்தம் இல்ல. யாரு பண்ணுவா இத?"

"நான்தான்மா," என்றேன். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் இறங்கிப் போனாள். இன்று நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

அவள் கோபம் ஆறும். நீங்கள் இதையும் எழுதிக்கொள்ளுங்கள் தம்பி. புது இனத்துக்கு, அதற்காகப் பாடுபட்டவர் பெயரை வைப்பார்களாமே. அவற்றை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திப் பார்த்தவள் நான் ஒருத்திதான். என் பெயர் ம்வான்துமு.