ஊரிலேயே சுத்தமான வண்டி

"சோதனைக்கு வர்ற வண்டியில ஸ்டீயரிங்கை யாராவது திருப்புவாங்களா?" என்று ஒரு நாள் சாப்பிடும்போது என் மனைவியிடம் கேட்டேன்.

"நின்ன இடத்துலயே நிக்கற வண்டிக்கு ஸ்டீயரிங் எதுக்குங்க? உருளை மேல சக்கரம் மட்டும் சுத்தும், வண்டி நகராது. உங்களை மாதிரிதான். ஞாயித்துக்கிழமை பூரா ஏதோ வேலை செய்யற மாதிரியே இருக்கும், சோபாவை விட்டு எந்திரிக்க மாட்டீங்க."

இருவரும் சிரித்தோம். அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி காய் வைத்தாள்.

எங்கே தொடங்கியது என்று கேட்டீர்களே ஐயா, அங்கேதான்.

அவள் அரசின் புகைச் சோதனைக் கூடத்தில் அளவெடுப்பவள். நான் கார் கம்பெனியில், எஞ்சினுக்கு மூளையாக இருக்கும் சின்னப் பெட்டிக்குள் ஓடும் நிரலை எழுதுபவன். என் வண்டிகளுக்கு நல்லது கெட்டது சொல்லும் இடத்தில் அவள் இருந்தாள். அவள் கையூட்டு வாங்கியதில்லை, நான் கொடுத்ததுமில்லை. வாக்குமூலத்தில் அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

டீசல் புகையின் நஞ்சை முறிக்க ஒரு திரவத்தைத் தெளிக்க வேண்டும். போதுமான அளவு தெளித்தால் அதன் தொட்டி சீக்கிரம் காலியாகிவிடும். தொட்டியைப் பெரிதாக்கலாம் என்றேன். டிக்கியில் ஒரு பெட்டி வைக்கும் இடம் போய்விடும் என்றார்கள். எங்கள் பிரிவுத் தலைவருக்கு 'ஆகட்டும்' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். "தொட்டியும் சின்னதா இருக்கணும், சோதனையிலயும் தேறணும். எப்படின்னு எனக்குச் சொல்லாதீங்க தம்பி. ஆகட்டும்," என்றார். நான் எழுதினேன். சக்கரம் சுற்றுகிறது, ஸ்டீயரிங் அசையவில்லை என்றால் வண்டி சோதனைக் கூடத்தில் இருக்கிறது, தாராளமாகத் தெளி. ஸ்டீயரிங் அசைந்தால் தெருவில் இருக்கிறது, மிச்சம் பிடி. ஒரு பக்கம்கூட வராத வரிகள். நல்ல வேலை என்று இன்றும் சொல்வேன்.

லட்சக்கணக்கான வண்டிகள் அப்படி வெளியே போயின. அந்தப் புகை யார் யார் நெஞ்சுக்குள் போனது என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. கணக்கு இல்லாததால் எனக்குத் தூக்கமும் கெடவில்லை.

தொல்லை எங்கள் வீட்டு வண்டியால் வந்தது. ஊழியர் சலுகையில் வாங்கியது. ஓடும்போதே புகையை அளக்க டிக்கியில் வைக்கும் ஒரு புது அளவுக் கருவி அவளுடைய அலுவலகத்துக்கு வந்தது. பழகிப் பார்க்க அதை எங்கள் வண்டியில் பூட்டி ஊரைச் சுற்றி வந்தாள். பிறகு அதே வண்டியைக் கூடத்தில் உருளை மேல் ஏற்றிப் பார்த்தாள். மாலையில் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, நம்ம வண்டிக்கு ரெண்டு முகங்க. கூடத்துல பச்சைப்புள்ள மாதிரி இருக்கு. தெருவுக்குப் போனா கரியா கக்குது."

"புதுக் கருவிம்மா. வெயில்ல கெட்டிருக்கும்."

"அப்படியா சொல்றீங்க?"

"வேற எப்படி இருக்கும்?"

நான் படித்தவன், தாலி கட்டியவன், அந்த வண்டியைச் செய்தவன். நம்பினாள். ஆனால் அரைமனதாக. மறுநாளும் அளந்தாள். அதற்கு மறுநாளும். கடைசியில் தன் மேலதிகாரியிடமே சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு.

ஞாயிறு மதியம் அவள் அசந்து தூங்கினாள். நான் மடிக்கணினியோடு வண்டிக்குள் உட்கார்ந்து அந்த வரிகளை எடுத்துவிட்டு, எப்போதும் முழு அளவு தெளிக்கும்படி மாற்றினேன். தொட்டியை நிரப்பினேன். கண்ணாடியையும் துடைத்து வைத்தேன். தூங்கி எழுந்து வந்து பார்த்தவள், "என்ன, இன்னைக்கு மழை கொட்டப் போகுது போல," என்றாள்.

திங்கட்கிழமை ஊர் முழுக்க ஓட்டியிருக்கிறாள். கருவியில் அளவு ஏறவேயில்லை. அதிகாரி நல்ல மனிதர். "வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று மட்டும் கேட்டாராம். கூட வேலை செய்பவர்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை. "அக்கா, டீயில சர்க்கரை எவ்வளவுன்னு அளந்து சொல்லுங்க, ரோட்டுல ஒண்ணு, உள்ள ஒண்ணு," என்று கேட்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தன் கண் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. கூடத்தில் ஒரே அளவைத் திரும்பத் திரும்ப எடுத்தாள். வீட்டில் பூட்டிய கதவைப் பூட்டினோமா என்று படியேறி வந்து பார்த்தாள். "உப்பு சரியா இருக்கான்னு நீங்களே சொல்லிடுங்க, எனக்கு நாக்கு செத்துப்போச்சு," என்பாள். நான் சொன்னேன். ஒவ்வொரு வேளையும் சொன்னேன். எந்தக் கணவன் அவ்வளவு பொறுமையாகச் சொல்வான்?

வேலையை விட்டுவிடு என்று நான்தான் சொன்னேன். கடைசி நாளன்று அதே வண்டியில் போய் அழைத்து வந்தேன். சிக்னலில் நின்றபோது, "நான் எங்கதாங்க தப்பு பண்ணேன்?" என்றாள். "தப்புன்னு யாரு சொன்னா? அலுப்புதான்," என்று கையைப் பிடித்துக்கொண்டேன். உண்மையிலேயே பிடித்துக்கொண்டேன் ஐயா. நடிப்பில்லை.

எங்கள் வண்டியை நான் திரும்பப் பழைய மாதிரி மாற்றவேயில்லை. நாங்கள் செய்து விற்றவற்றில் அது ஒன்றுதான் சொன்னபடி ஓடிய வண்டி. அவள் மூச்சுக்கு நான் கொடுத்த பரிசு என்றுதான் அதை நினைத்துக்கொள்வேன்.

பிறகு வேறு யாரோ எங்கள் கம்பெனியின் வேறு வண்டியை அளந்தார்கள். கூடத்தில் ஒன்று, தெருவில் ஒன்று என்று நாங்கள் ஏமாற்றியது செய்தியில் வந்தது. தொலைக்காட்சி முன்னால் கையில் காய் நறுக்கும் கத்தியோடு நின்றபடியே கேட்டாள்: "அப்ப நம்ம வண்டி?"

"நம்ம வண்டி சுத்தம்னு நீயேதானே அளந்து பார்த்த?"

"ஆமால்ல," என்று உள்ளே போய்விட்டாள்.

நிரல் எழுதியது நான். வரிகளை எடுத்ததும் நான். 'ஆகட்டும்' மேல் பழி போட மாட்டேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவள் எனக்கு மாற்றுச் சட்டை எடுத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது கதவின் கண்ணாடி வழியாகத் தெரிகிறது. இங்கே வந்த முதல் நாளிலிருந்து உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இப்போது கேட்டுவிடுகிறேன்.

அவள் முதலில் அளந்தது சரிதான் என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள் ஐயா. பாவம், அவள் தாங்கமாட்டாள்.