பாத்தியில் நட்ட எர்த்து

– கைய எடு இலக்கியா! கிடார கட்டில் மேல வையி மொதல்ல.

– வெச்சுட்டேன், வெச்சுட்டேன். ஷார்ஜால இருந்து நீங்க கத்துறது மரக்காணம் பூரா கேக்குது ஆசிப்ணா.

– போன நேரா புடி. உன் மோவாக்கட்டதான் தெரியுது. கம்பியத் தொட்டதும் எப்டி இருந்துச்சு?

– எறும்பு ஊர்ற மாதிரி சுருசுருன்னு. செருப்பு போட்டிருந்தா ஒண்ணும் தெரியல. இப்ப குளிச்சுட்டு ஈரக்காலோட ஒக்காந்தேன், சுரீர்னு கடிச்சுடுச்சு.

– இத இப்பதான் சொல்றியா? எந்த ஒயரு எங்க மாட்டணும்னு இவ்ளோ நேரமா தொண்டத்தண்ணி வத்த பேசிக்கிட்டிருக்கேன்!

– கரண்டு கிடார்னா அப்டித்தான் இருக்கும்னு நெனச்சேன். செகண்ட்ஸ்ல வாங்குனது வேற.

– எந்த கிடாரும் கடிக்காதும்மா. கேளு. கிடார்லேருந்து, சத்தத்த கம்ப்யூட்டருக்கு ஏத்துற அந்தச் செவப்புப் பொட்டிக்கு ஒரு ஒயரு. பொட்டிலேருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயரு. வேற எதையும் மாட்டலயே?

– இல்லண்ணா, நீங்க சொன்ன மாதிரிதான். வாசிச்சா ஸ்க்ரீன்ல பச்சக் கோடெல்லாம் குதிக்குது. கைய எடுத்தா மட்டும் உம்ம்ம்னு ஒரு எரைச்சல்.

– அந்த எரைச்சலும் உன்னக் கடிச்சதும் ஒரே ஆளுதான். கம்ப்யூட்டர் ப்ளக்குல மூணு பின்னும் இருக்குதா?

– இருக்குது. குண்டு பின்னும் இருக்குது. நான் ஒடைக்கலப்பா.

– சரி, சுவிட்ச அணச்சுட்டு ப்ளக்கப் புடுங்கு.

– அய்ய, சாயந்தரத்துக்குள்ள வாசிச்சு அனுப்பணும்ணா! இல்லன்னா பாண்டி பேண்டுல எனக்குப் பதிலா அந்தக் கொளஞ்சிய எடுத்துக்குவாங்க. அவன் ஒரே ட்யூன வெச்சுக்கிட்டு ஊர ஏமாத்திக்கிட்டிருக்கான்.

– புடுங்குன்னு சொன்னேன்.

– புடுங்கியாச்சு. சந்தோஷமா?

– இப்ப கேளு. அந்தக் குண்டு பின்னுதான் எர்த்து. எங்கனா கரண்டு கசிஞ்சா அது வழியா பூமிக்குள்ள எறங்கிடணும். உங்க வீட்ல எறங்காம உன் கைக்கு வருது. எர்த்துக் கம்பிய எங்க விட்டிருக்காங்க?

– அப்பாவத்தான் கேக்கணும். யப்பா! இங்க வாங்க, ஆசிப்ணா என்னமோ கேக்குறாரு.

– யாரு, கோட்டக்குப்பத்துத் தம்பியா? நல்லாகீறியா? துபாய்ல வெயிலு எப்டி?

– ஷார்ஜா, சித்தப்பா. வெயிலுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல. வீட்டு எர்த்து எங்க எறக்கியிருக்கீங்க?

– நம்ம உப்புப் பாத்திலதான். இதோ, ஜன்னலாண்ட நின்னா தெரியுது. போன மழையில கம்பத்துக்குக் கரண்டு திரும்பிப் போற நியூட்ரல் கம்பி துருப்புடிச்சு அத்துக்கிச்சு. நானே ஒரு இரும்பு பைப்ப பாத்தில நட்டு, நியூட்ரலு, எர்த்து ரெண்டையும் அதுலயே முறுக்கி வுட்டுட்டேன். உப்புத்தண்ணி இல்ல? கரண்டு ஜம்முனு எறங்குது. பக்கத்து வீட்டு தனகோடிக்கும் நாந்தான் போட்டுக் குடுத்தேன்.

– யா அல்லா... வீட்டுல ஓடுற கரண்டு பூரா அந்த ஒரு பைப்பு வழியாத்தான் திரும்புதா?

– ஆமா. ஃபேனு மெதுவா சுத்துச்சுன்னா, உப்பு வார்ற பலகையோட கட்டையால பைப்ப ரெண்டு தட்டு தட்டி ஒரு சட்டி தண்ணி ஊத்துவேன். சரியாப்பூடும். இன்னிக்கும் ஃபேனு ஊந்துக்கிட்டுதான் கீது. பாப்பாவுக்குக் கடிக்குதுன்னா இரு, தட்டிட்டு வர்றேன்.

– வேணாம் சித்தப்பா. மெயின அணச்சுட்டு...

– நான் கைய வெக்க மாட்டேன் தம்பி, மரக்கட்டதான். எனக்குத் தெரியாதா? நீ பாப்பாவுக்கு அந்த ஒயரு வேலையச் சொல்லிக் குடு.

– சித்தப்பா! சித்தப்பா! போயிட்டாரா?

– போயிட்டாரு. என்னா வேகம் பாருங்க. நேத்திக்கு வரைக்கும் டொய்ங் டொய்ங்னு என்னக் கிண்டல் பண்ண ஆளு. இப்ப எனக்காக ஓடுறாரு.

– இலக்கியா, வெளையாட்டு இல்ல. கேளு. அந்த பைப்பு உப்புல அரிச்சுப் போயிருக்கும். கரண்டு எறங்க வழி பத்தாம குண்டு பின்னு வழியா வீட்டுக்குள்ளயே திரும்புது. கம்ப்யூட்டரு, பொட்டி, கிடார் கம்பி, உன் கை. மெயின் எங்க இருக்குது?

– மோட்டார் ஷெட்டுல. பூட்டி, சாவிய அரணாக்கயித்துல கோத்துக்கிட்டுப் போயிட்டாரு.

– அவரு இப்ப என்ன பண்றாரு?

– பாத்தில எறங்கிட்டாரு. கட்டையால தட்டுறாரு... அய்யோ, பைப்பு பட்டுனு அத்துக்கிச்சுண்ணா. மேல் துண்டு ஒயர்லயே தொங்குது. ஃபேனும் நின்னுடுச்சு.

– நில்லு, அவருகிட்ட...

– யப்பா! கரண்டு போயிடுச்சுப்பா! கையாலயே எடுங்க, ஒண்ணும் பண்ணாது!

– ஏய்! ஏன் சொன்ன? கரண்டு போவல இலக்கியா!

– ஃபேன் நின்னுடுச்சேண்ணா.

– திரும்புற வழி அத்துக்கிச்சு, அதான் நின்னுச்சு. கரண்டு பூரா அந்தத் தொங்குற துண்டுல வந்து நிக்குது. தண்ணில நின்னுக்கிட்டு அத யாரு தொட்டாலும் அவங்க ஒடம்பு வழியாத்தான் எறங்கும். தொடாதீங்கன்னு கத்து!

– யப்பா! தொடாதீங்க! யப்பா! கடக்காத்து இப்ப பலமாயிடுச்சு, கேக்கலண்ணா! கட்டையக் கீழ போட்டுட்டாரு... யப்பாஆ!

– இன்னும் கத்து! ஓடு, ஆனா தண்ணில எறங்காத! வரப்புல நின்னு கத்து!

– அண்ணா, இருங்க, இருங்க. ஃபேன் மறுபடி மெதுவா சுத்துது! ஒண்ணும் ஆவல, சரி பண்ணிட்டாருண்ணா!

– இலக்கியா, ஜன்னல்ல பாரு. பைப்ப மண்ணுல நட்டுட்டாரா?

– இல்லண்ணா. இன்னும் கையிலதான் புடிச்சிருக்காரு.