முப்பத்தெட்டு டிகிரி

மின்ஹாஜ்: போட்டைக் கிறுக்குங்க அண்ணன்… மெதுவாத் திருப்புங்க. வட்டமா வரட்டும்.

சதீசன்: இது நாலாவது வட்டம் தம்பி. போட்டோட சேந்து எனக்கும் தல கிறுகுது.

மின்ஹாஜ்: ஓட்டோ பைலட்டுக்கு இந்தக் கொம்பாஸ்தான் கண். புதுசாப் பூட்டினா, இந்த வாவி மாதிரி அலை இல்லாத தண்ணியில வட்டமாச் சுத்திக்காட்டி அதுக்குத் திசை படிப்பிக்கணும். அது படிச்ச மறுகாதான் போட்டைத் தானா ஓட்டும்.

வதனி: படிச்சிட்டுதா?

மின்ஹாஜ்: இல்லக்கா. முப்பத்தெட்டு டிகிரி பிழை காட்டுது.

வதனி: அப்ப கடலுக்குப் போக ஏலாது.

சதீசன்: இரு புள்ள… இப்பதானே தொடங்கினம்.

வதனி: நான் சொன்னது சொன்னதுதான். இண்டைக்குக் கொம்பாஸ் சரி வந்தாப் போங்க. வராட்டி போட்டை வித்துப்போட்டு தேற்றாத்தீவுல மரக்கறிக் கடை போடுங்க.

சதீசன்: பாரு தம்பி, கத்தரிக்காய் விக்கிற மூஞ்சியா இது? பொண்டாட்டிய போட்டுல ஏத்தினா இப்படித்தான்.

வதனி: கத்தரிக்காய் விக்கிற ஆக்கள் வீட்டுக்கு வாறன் எண்டுபோட்டு திருகோணமலையில போய்க் கரை ஏறுறல்ல.

மின்ஹாஜ்: திருகோணமலையிலயா?

வதனி: போன மாசம். மூணு நாள் ஆள் இல்ல. சோறு தண்ணி இல்லாம கண்ணகை அம்மன் கோயில்லயே கிடந்தன்.

சதீசன்: பழைய கொம்பாஸ் பிழை…

வதனி: பாட்டுப் பெட்டி பிழை. இவ்வளவு பெரிய ஸ்பீக்கரைக் கொம்பாஸுக்குப் பக்கத்துல வெச்சிருந்தவர் தம்பி. அதுட காந்தம் திசையை இழுத்துப்போட்டுது.

மின்ஹாஜ்: அல்லாஹ்… ஸ்பீக்கர் காந்தமா? அது தொழுற கிப்லாத் திசையையே மாத்திக் காட்டுமே.

சதீசன்: அதைக் கழட்டியாச்சு. அம்மனுக்கு முன்னால கற்பூரம் அணைச்சுச் சத்தியமும் பண்ணியாச்சு. நீ வேலையப் பாரு.

மின்ஹாஜ்: அப்ப வேற இரும்பு எங்கயோ கிடக்கு. கத்தி, போன், சாவி எல்லாத்தையும் பின்னுக்குக் கொண்டு வைங்க. அக்கா, காப்பு?

வதனி: தங்கம்.

மின்ஹாஜ்: தங்கம் ஒண்டும் செய்யாது. நீங்க கொஞ்சம் தள்ளி இருந்தீங்க எண்டா…

வதனி: இஞ்சதான் காத்து வருது. ஏன், நான் என்ன இரும்பா?

சதீசன்: சில நேரம்…

வதனி: என்ன?

சதீசன்: ஒண்டுமில்ல. கிறுக்குறன். பையில சோறு இருக்கெண்டாய், ஒரு வாய் தா புள்ள. பசிக்குது.

வதனி: கொம்பாஸ் சரி வந்தாத்தான் சோறு. பொறுங்க, பை சரியுது… மடியில வெச்சிக்கிறன்.

மின்ஹாஜ்: நாப்பத்தாறு.

சதீசன்: குறைஞ்சிட்டா?

மின்ஹாஜ்: கூடிட்டு அண்ணன்.

சதீசன்: கல்லடிப் பாலமா இருக்கும். பழைய இரும்புப் பாலம்தானே, இழுக்குது.

மின்ஹாஜ்: பாலம் எங்க, நாம எங்க? கட்டாரில அறுவது போட்டுக்குப் பூட்டினவன் நான். ஒண்டும் இப்படிப் படுத்தல்ல.

சதீசன்: அதுதானே காத்தான்குடி வரைக்கும் வந்து உன்னக் கூட்டி வந்தன்.

மின்ஹாஜ்: இப்ப பாலத்துல சனம் நிண்டு பாக்குது. ஒருத்தன் வீடியோ எடுக்கிறான். என்ட மானம் போகுது.

சதீசன்: தம்பி… கொம்பாஸை அந்த மூலைக்கு மாத்துவமா?

மின்ஹாஜ்: ஏன்? நடுவிலதான் ஆட்டம் குறைவு.

சதீசன்: இல்ல… இந்தப் பலகைக்குக் கீழ பழைய ஆணி கீணி கிடக்கும்.

மின்ஹாஜ்: அப்ப பலகையைக் கழட்டிப் பாப்பம்.

சதீசன்: வேணாம் வேணாம். அது… இறுகிக் கிடக்கு.

வதனி: ஏன் உங்களுக்கு இப்படி வேர்க்குது?

சதீசன்: வெயில்.

மின்ஹாஜ்: அண்ணன், இது சரி வராது. நான் சாமானைக் கழட்டிட்டுப் போறன். நீங்க கத்தரிக்காய் வாங்குங்க.

சதீசன்: பொறு பொறு… சொல்றன். புள்ள, கத்தாத. கடலை விட்டுட்டு என்னால இருக்க ஏலாது, அது உனக்குத் தெரியும். பாட்டுப் பெட்டி இந்தப் பலகைக்குக் கீழதான் கிடக்கு.

மின்ஹாஜ்: கழட்டினன் எண்டீங்களே?

சதீசன்: கழட்டித்தானே கீழ வெச்சிருக்கன். பாட்டுப் போட மாட்டன் எண்டுதான் சத்தியம் பண்ணினன். போடல்ல.

மின்ஹாஜ்: அக்கா பையை இறுக்கிப் பிடிக்காவே.

சதீசன்: அதுதான் எனக்கும் பயமாக் கிடக்கு.

மின்ஹாஜ்: சரி, பலகையைத் தூக்குங்க… ஓம், பெட்டி இரிக்கு. இருங்க… இது என்ன, கையில பாரமே இல்ல.

சதீசன்: என்ன?

மின்ஹாஜ்: வெறும் பெட்டி அண்ணன். உள்ள ஸ்பீக்கரைக் காணல்ல. காந்தமும் இல்ல.

சதீசன்: நான் உள்ளுக்கு ஒண்டும் கழட்டல்லையே.

மின்ஹாஜ்: அப்ப இந்த நாப்பத்தாறு எங்க இருந்து வருது? … பையை மடியில வெச்ச பிறகுதானே கூடிச்சு… அக்கா, அந்தச் சோத்துப் பையை ஒருக்காத் தாங்களன்.

சதீசன்: சோத்துல என்னடா காந்தம்? கொண்டா புள்ள, நான் குடுக்கிறன்… என்ன இந்தப் பாரம்? … வதனி?

வதனி: சோறு வீட்டதான் இருக்கு. நீங்க பெட்டியை ஒளிச்சத முந்தநாளே கண்டுட்டன். காந்தத்தைத் தண்ணிக்குள்ள எறியத்தான் கழட்டினன்… எறிஞ்சா கொம்பாஸ் சரி வந்திரும், நீங்களும் போயிருவீங்க எண்டுதான் பையில போட்டு வந்தன். அந்த மூணு நாள் மாதிரி இன்னொரு நாள் இருக்க எனக்கு ஏலாது.