என் அப்பா எழுத்துப்பிழை அல்லர்

மாலையும் மரியாதையுமாய் நடுநாயகமாக வீற்றிருக்கும் நகரத் தலைவர் தோன் அனிசேத்தோ அவர்களே! இஸ்திரி மடிப்புக் கலையாமல் அவருக்கு இருபுறமும் அமர்ந்திருக்கும் அதிகாரப் பெருமக்களே! போருக்குப் போய்த் திரும்பிய பெரியோர்களே! போய்த் திரும்பாதவர்களுக்காக இன்றும் கதவைத் தாழிடாத தாய்மார்களே! காலையிலிருந்து வெயிலில் நின்று, கால் மாற்றிக் கால் மாற்றி நாட்டியமே பழகிவிட்ட என் பள்ளித் தோழர்களே, தோழியரே! உங்கள் அனைவருக்கும் இத்தாத்தி மொரீனிகோவின் வணக்கம்!

தலைவர் அவர்கள் என் கையில் இரண்டு பக்கம் கொடுத்தார்கள். அச்சடித்த பக்கம். அழகான பக்கம். "இதப் படிச்சிட்டு சமத்தா எறங்கிரும்மா, சொந்தமா எதுவும் சேத்துராத" என்று அன்போடும் சொன்னார்கள். படித்தேன். முதல் பக்கத்தில் என் அப்பா வீரர், தீரர், சூரர். இரண்டாம் பக்கத்தில் அவர் ஒரு பிழை!

ஆமாம், பிழை! இதோ, வாசிக்கிறேன்: "மால்வினாஸ் போரில் இறந்தோர் கல்லில் எலிசியோ மொரீனிகோவின் பெயர் நாற்பது ஆண்டுகள் இருந்தது ஒரு சிறு எழுத்துப்பிழை. அது இன்று திருத்தப்படுகிறது."

சிறு எழுத்துப்பிழையா? நான் கட்டுரையில் விடுவது எழுத்துப்பிழை. பதினெட்டு வயதுப் பையனைப் பனிக்காட்டில் தொலைத்துவிட்டு, செத்தான் என்று எழுதிக்கொண்டதற்கும் அதே பெயரா?

என்ன தோன் அனிசேத்தோ, கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்? நாற்பது ஆண்டு பொறுத்த விஷயம். நாலு நிமிடம் பொறுக்காதா?

இந்த ஊரில் போர் நினைவு நாளான ஏப்ரல் இரண்டு எப்படி நடக்கும் என்று நான் சொல்லவா வேண்டும்? கல்லில் உள்ள நான்கு பெயரையும் உரக்க வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் முழுவதும் "இங்கே இருக்கிறார்!" என்று முழங்கும். நான்காவது பெயர் எலிசியோ மொரீனிகோ. நீங்கள் முழங்குவீர்கள். அப்போது அந்த ஓரத்தில், சிப்பா ரொட்டிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, "இருக்கேன், இருக்கேன்! சூடா சிப்பாவும் இருக்கு, யாருக்கு வேணும்?" என்று ஒரு குரல் வருமே! அந்தக் குரல்தான் என் அப்பா.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தவள்தான். பள்ளியில் "எங்கப்பா செத்துட்டாரு டீச்சர், வேணும்னா கல்லப் பாருங்க" என்று சொல்லி மூன்று முறை விடுப்பு எடுத்தவள் நான். மூன்றாம் முறை அதே டீச்சருக்கே அப்பா ரொட்டி விற்றுவிட்டார். அன்றோடு அந்த வித்தை முடிந்தது.

ஆனால் அவர் ஏன் அந்தக் கல்லில் இருந்தார்? அதைத்தான் இந்த இரண்டு பக்கமும் விழுங்கிவிட்டன. நான் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு. மால்வினாஸ் தீவுகளுக்காக ஆங்கிலேயரோடு போர். குளிர் என்றால் என்னவென்று தெரியாத நம் கொரியென்தேஸ் மண்ணின் பையன்களைக் கொண்டுபோய், குளிரைத் தவிர வேறொன்றும் இல்லாத தீவில் இறக்கினார்கள். காலுக்கு ஈரம். கைக்கு விறைப்பு. வயிற்றுக்கு? வயிற்றுக்கு உத்தரவு மட்டும்தான்! மூன்று நாள் பட்டினி. என் அப்பாவும், இதோ முன்வரிசையில் தொப்பியை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் தோன் சிமியோனும், கிடங்கிலிருந்து ஒரே ஒரு இறைச்சி டப்பாவை எடுத்தார்கள். பிடிபட்டவர் அப்பா.

"கூட யாருடா?" என்று கேட்டார் லெப்டினன்ட்.

"என் பசிதான் ஐயா" என்றாராம் அப்பா.

அந்தப் பதிலுக்குப் பரிசு என்ன தெரியுமா? கூடாரம் அடிக்கும் முளைகள் நான்கு. நான்கு முளையில் இரண்டு கை, இரண்டு கால். ஈரத் தரையில், திறந்த வானத்தின் கீழ், மல்லாக்கக் கட்டிப் போட்டார்கள். கட்டியவன் பகைவனா? இல்லை. பகைவன் பேசும் மொழியா பேசினான்? இல்லை. நாம் வணங்கும் இதே கொடியைத் தோளில் தைத்திருந்தவன் கட்டினான்!

மதியம் குண்டு விழுந்தது. படைப்பிரிவு மலைக்கு அந்தப் பக்கம் நகர்ந்தது. கட்டிப் போட்டவனை அவிழ்க்க யாருக்கும் நினைவில்லை. தலை எண்ணினார்கள். ஒரு தலை குறைந்தது. "செத்தான்" என்று எழுதினார்கள். நினைவு வந்தவர் தோன் சிமியோன் ஒருவர்தான். தவழ்ந்து திரும்பிப் போய் அவிழ்த்தார். வழியில் இருவரும் ஆங்கிலேயர் கையில் சிக்கினார்கள். அப்பா சொல்வார்: "கைதியானப்புறம்தான்டி எனக்கு சூடா ஒரு கிண்ணம் சூப்பு கெடச்சுது." எதிரி ஊட்டினான், என் மக்களே! நம்மவர் கட்டினார், எதிரி ஊட்டினான்!

ஊர் திரும்பியபோது அவர் பெயர் கல்லில் ஏறியிருந்தது. பேரை எடுக்கச் சொல்லி நகரமன்றத்துக்குப் போனார். எழுத்தர் ஒரு படிவம் நீட்டினார்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அத நெரப்புங்க."

"முளையில கட்டிப் போட்டதாலன்னு எழுதறேன்."

"ஐயையோ, அதெல்லாம் எழுதக் கூடாது. போர்ல நடந்தத வெளிய பேச மாட்டோம்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான வந்தீங்க? 'தவறுதலாக'ன்னு எழுதுங்க போதும்."

"தவறுதலாவா கட்டுனாங்க? நாலு முடிச்சுங்க. நாலும் நல்லா இறுக்கமா இருந்துச்சு."

"எலிசியோ, ஒரு வார்த்த எழுதுனா நீ உசுரோட இருக்க. இல்லேன்னா செத்தவன்தான்."

"அப்ப செத்தவனாவே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார் என் அப்பா.

தாய்மார்களே, யோசித்துப் பாருங்கள்! ஒரு பொய் எழுதியிருந்தால் அன்றே உயிர் பெற்றிருப்பார். எழுதவில்லை! ஆண்டுக்கு ஒரு முறை அதே படிவத்தை வாங்கினார். ஆண்டுக்கு ஒரு முறை அதே உண்மையை எழுதினார். ஆண்டுக்கு ஒரு முறை அதே மேசையிலிருந்து அது திரும்பி வந்தது. நாற்பது படிவம் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மனிதர் தளரவில்லை, மேசையும் இளகவில்லை!

போன ஜூனில் அப்பா இறந்தார். அடக்கம் முடிந்து ஒன்பது நாள் செபம்கூட முடியவில்லை. யாரும் கேட்காமலே, அலமாரியில் ஒரு படிவமும் கூடாமலே, உளியோடு வந்தார்கள். பெயரைச் செதுக்கி எடுத்தார்கள். இன்று திறந்து காட்டுவதற்காகக் கல்லின் மேல் இந்தத் திரையையும் போட்டார்கள். உயிரோடு இருந்தவரைச் செத்தவர் என்றீர்கள்; செத்தவுடன், போரில் சாகவில்லையே என்று துரத்துகிறீர்கள். உங்கள் கல்லில் இடம் பிடிக்க ஒரு மனிதன் எப்போதுதான் சாக வேண்டும்?

என்ன தலைவரே? "மைக்க அணைங்கப்பா" என்கிறீர்களா? மைக்குக்காரர் என் மாமா. மாமா, நல்லா இருக்கீங்களா?

கோபம் எனக்குக் கல்லின் மேல் இல்லை. செத்தவர் பட்டியலில் அவருக்கு இடமும் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒரே ஒரு காரணக் கட்டம். தன் படை தன்னை என்ன செய்தது என்று தன் ஊர் ஒரு முறை எழுத வேண்டும். அவ்வளவுதான்!

எழுதியாகிவிட்டது.

நேற்று மதியம். ஊர் முழுக்க உண்டு முடித்து உறங்கும் நேரம். காவலரும் உறங்கினார், அவர் குறட்டைதான் எங்களுக்குத் தாளம். பின்வரிசையில் திடீரென்று பரிசுத்தவான்கள் போல் கைகட்டி நிற்கிறார்களே, அந்த ஆறு பேரும் நானும், திரைக்குள் நுழைந்து, உளி தின்ற பள்ளத்தில் அழியாத கறுப்புச் சாயத்தால் எழுதினோம்: "எலிசியோ மொரீனிகோ, படைவீரர். பசித்ததற்காகச் சொந்தப் படையால் கட்டப்பட்டவர். பொய் எழுத மறுத்தவர்."

அதன் கீழே இன்னொரு வரி இருக்கிறது. அது எங்கள் கை அல்ல. நாங்கள் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு இருமல். திரும்பினால் தோன் சிமியோன்! ஓடத் தயாரானோம். அவர் தூரிகைக்குக் கை நீட்டினார். "எனக்குக் கொஞ்சம் எடம் விட்ருக்கீங்களாடி?" என்றார். குனிந்து எழுதினார்: "அவிழ்த்தவன் நான். சாட்சி, சிமியோன் அயாலா."

தோன் அனிசேத்தோ அவர்களே, அழிக்க நினைத்தால் இரண்டு கையெழுத்தை அழிக்க வேண்டும். ஒன்றுக்குரியவர் உங்கள் எதிரிலேயே எழுந்து நிற்கிறார், பாருங்கள்.

வாய்ப்புத் தந்த தலைமைக்கு நன்றி. தந்ததற்கு வருந்தும் தலைமைக்கு இரட்டை நன்றி! நின்று கேட்ட கால்களுக்கும், சாட்சி சொன்ன கைக்கும் என் வணக்கம்.

தலைவரே, கயிறு உங்கள் பக்கம் இருக்கிறது. திரையை இழுங்கள்!